மணலுக்கு அடியில் தொடங்கிய வளைவு

மிசிசிப்பி ஆற்றின் அடியில் இறங்கி நடந்து பார்த்த ஒருவர்தான் அந்த ஆற்றுக்கு முதல் எஃகு வளைவுப் பாலத்தைக் கட்டினார். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1874-இல் திறக்கப்பட்ட ஈட்ஸ் பாலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் மூன்று பெரிய வளைவுகளைச் சொல்வார்கள், எஃகைச் சொல்வார்கள், அதன்மேல் நடத்திப் பார்த்த யானையைச் சொல்வார்கள். யானைக்கு அப்புறம் வருவோம். அந்தப் பாலம் ஏன் அப்படி இருக்கிறது என்று புரிய வேண்டுமானால் ஆற்று மணலில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

ஜேம்ஸ் புகானன் ஈட்ஸ் 1820-இல் இந்தியானா மாநிலத்தில் பிறந்தவர். 13 வயதில் குடும்பத்தோடு செயின்ட் லூயிஸ் வந்தபோது, ஏறி வந்த நீராவிப் படகு தீப்பிடித்தது. உடைமை எதுவும் மிஞ்சவில்லை. பையன் தெருவில் ஆப்பிள் விற்றான். பிறகு ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது. கடை முதலாளி தன் புத்தகங்களைப் படித்துக்கொள்ள அனுமதித்தார். ஈட்ஸின் பொறியியல் கல்லூரி என்று சொன்னால் அந்த அலமாரிதான்.

அந்தக் காலத்து மிசிசிப்பியில் படகுகள் மூழ்குவது அன்றாடச் செய்தி. அடியில் புதைந்து கிடக்கும் மரங்கள் குத்தும், கொதிகலன் வெடிக்கும், தீப்பிடிக்கும். 22 வயதில் ஈட்ஸ், மூழ்கிய படகுகளிலிருந்து சரக்கை எடுத்துக்கொடுக்கும் தொழிலில் இறங்கினார். முதல் வேலையே ஈயக் கட்டிகளை மேலே கொண்டுவருவது. கூலிக்கு அழைத்துவந்த முக்குளிப்பவர் ஏரிகளில் பழகியவர். ஆற்றின் இழுப்பில் அவரால் நிலைத்து நிற்க முடியவில்லை. ஈட்ஸ் கரைக்குப் போய் 40 கேலன் விஸ்கி பீப்பாய் ஒன்றை வாங்கி, ஒரு பக்கத்தைத் திறந்து, எடை கட்டி, கவிழ்த்துத் தண்ணீரில் இறக்கினார். கவிழ்த்த டம்ளரைத் தண்ணீருக்குள் அழுத்தினால் உள்ளே காற்று நிற்கும் அல்லவா, அதே வித்தை. அந்தப் பீப்பாய்க்குள் இறங்க முக்குளிப்பவர் மறுத்துவிட்டார். ஈட்ஸ் தானே இறங்கினார்.

அதற்குப் பிறகு பல வருடங்கள் அவர் அந்த ஆற்றின் அடியில்தான் சம்பாதித்தார். கெய்ரோ என்ற ஊருக்கு அருகே, 65 அடி ஆழத்தில், காலுக்குத் தரை கிடைக்காமல் தவித்ததை அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். மேலே தண்ணீர் ஓடுவதுபோல் கீழே மணலும் ஓடிக்கொண்டிருந்தது. குறைந்தது மூன்றடி கனத்துக்கு அடிப்படுகையே நகர்ந்துகொண்டிருந்தது. கரையில் நின்று பார்க்கிறவருக்கு வெள்ளம் என்றால் ஆறு மேலே ஏறுவது. அடியில் நின்றவருக்குத்தான் தெரியும், வெள்ளத்தில் ஆறு கீழேயும் இறங்கும். மணலை வாரிக்கொண்டு போய் ஆழமாகும். அந்த மணலை நம்பித் தூண் வைத்தால் ஏதோ ஒரு வெள்ளத்தில் காலடி காணாமல் போகும். எத்தனை ஆழமானாலும் சரி, பாறையைத் தொட்டாக வேண்டும் என்று ஈட்ஸ் பிடிவாதமாக நின்றது அங்கே கற்ற பாடத்தால்தான். அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு டஜனுக்கும் மேற்பட்ட உயிர்கள் விலை. அதையும் பார்ப்போம்.

பாலம் தேவைப்பட்டது வியாபாரப் போட்டியால். செயின்ட் லூயிஸ் நீராவிப் படகுகளின் நகரம். வடக்கே சிகாகோ ரயிலைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. மிசிசிப்பியைக் கடந்த முதல் ரயில் பாலம் 1856-இல் ராக் ஐலண்டில் வந்தது. அது சிகாகோ பக்கத்துப் பாதை. திறந்த இரண்டு வாரத்தில் எஃபி ஆஃப்டன் என்ற படகு அதன் தூணில் மோதி எரிந்தது. படகுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். பாலத்தின் பக்கம் வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன். செயின்ட் லூயிஸிலோ ரயில் கிழக்குக் கரையோடு நின்றது. சரக்கை இறக்கி, பரிசலில் ஏற்றி, அக்கரையில் மறுபடி இறக்க வேண்டும். குளிர்காலத்தில் ஆற்றில் பனிக்கட்டி மிதந்து வந்தால் அதுவும் நின்றுபோகும். பரிசல் தொழில் ஒரே கம்பெனியின் கையில் இருந்ததால் கட்டணமும் அவர்கள் வைத்ததுதான்.

சரி, பாலம் கட்டலாம் என்று முடிவானபோது படகுத் தரப்பு சும்மா இருக்கவில்லை. தூண்கள் படகுக்கு இடைஞ்சல். அவர்களுடைய நெருக்கலில் நாடாளுமன்றம் போட்ட நிபந்தனைகளில், நடுவில் 500 அடி அளவுக்குக் கண் விட வேண்டும், தண்ணீருக்கு மேலே நல்ல உயரம் விட வேண்டும் என்பவை முக்கியமானவை. (இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட வெளியைத் தமிழில் கண் என்கிறோம், அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.) கட்டவே முடியாதபடி நிபந்தனை போட்டுவிட்டால் பாலம் வராது என்று சிலர் கணக்குப் போட்டிருக்கலாம். 1867-இல் பாலக் கம்பெனிக்குத் தலைமைப் பொறியாளராக வந்த ஈட்ஸ் அதற்கு முன் ஒரு பாலம்கூடக் கட்டியதில்லை.

அவர் வரைந்தது மூன்று வளைவுகள்: நடுவில் 520 அடி, இரு பக்கமும் 502 அடி. மேல்தளத்தில் வண்டிகளும் மக்களும், கீழ்த்தளத்தில் இரட்டை ரயில் பாதை. அதே வருடம் போட்டிக் கம்பெனி ஒன்று 27 பொறியாளர்களைக் கூட்டி மாநாடு போட்டது. அவ்வளவு நீள வளைவுக்கு முன்மாதிரியே இல்லை என்று அவர்கள் கைவிரித்தார்கள். ஆலோசகராக அமர்த்தப்பட்ட லின்வில் என்ற பெயர்பெற்ற பாலப் பொறியாளர், இதற்கு ஒப்புதல் தந்து தன் பெயரைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன் என்று எழுதிவிட்டு ஒதுங்கினார். வேடிக்கை என்னவென்றால், அவர் சார்ந்திருந்த கீஸ்டோன் பாலக் கம்பெனிதான் கடைசியில் அந்த இரும்பு வேலையை எடுத்துச் செய்தது. முன்மாதிரி இல்லை என்பதற்கு ஈட்ஸ் தந்த பதிலின் சாரம்: இதுவரை நடக்கவில்லை என்பதாலேயே ஒன்று இனியும் நடக்காது என்று ஆகிவிடுமா? கணக்கைப் பாருங்கள். கணக்கைப் போட்டவர்கள் ஹென்றி ஃபிளாட், சார்ல்ஸ் ஃபைஃபர் என்ற இரு ஜெர்மானியப் பொறியாளர்கள். சரிபார்த்தவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த கணித அறிஞர் வில்லியம் ஷோவெனே. கல்லூரி வாசல் மிதிக்காதவர் யாரை அருகில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார்.

வளைவு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஒரு பலகையை இரண்டு கல்லுக்கு நடுவே வைத்து ஏறி நின்றால் பலகை வளையும். மேல்பக்கம் நசுங்கும், அடிப்பக்கம் இழுபடும். வளைவில் இழுபடுவது பெரும்பாலும் கிடையாது. சுமை முழுவதும் வளைவின் வழியாக நசுக்கும் விசையாகவே இறங்கி, கால்களுக்குப் போகிறது. ஆனால் கால்களை அது கீழே மட்டும் அழுத்துவதில்லை, வெளிப்பக்கமாகவும் உதைக்கிறது. வளைவு எவ்வளவு தட்டையோ உதை அவ்வளவு கடுமை. ஈட்ஸின் நடு வளைவு 520 அடி அகலத்துக்கு 47 அடி சொச்சம்தான் எழும்புகிறது, நல்ல தட்டை. பாலம் முழுவதும் அடிக்கு ஒரு டன் பாரம் ஏற்றினால் மொத்தம் 520 டன். ஒவ்வொரு காலும் கீழ்நோக்கி 260 டன் தாங்க வேண்டும், பக்கவாட்டில் வாங்கும் உதையோ 700 டன். பாரத்தைவிட உதை பெரிது. நடுத்தூண்களில் இரு பக்கத்து வளைவுகளின் உதை ஒன்றையொன்று பெரும்பாலும் சமன் செய்துவிடும். ஆனால் ஒரு கண்ணில் ரயில் நின்று அடுத்த கண் காலியாக இருந்தால் சமன் கெடும். கரையில் வளைவு வந்து ஊன்றும் முட்டுகளுக்கோ எதிர்ப்பக்கம் கைகொடுக்க எதுவுமே இல்லை. இப்படி உதை வாங்கும் தூண் நகரும் மணலில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். வளைவு என்று முடிவெடுத்த நிமிடமே பாறைவரை போவதும் முடிவாகிவிட்டது.

பொருள் விஷயத்திலும் அவர் ஊரோடு ஒத்துப்போகவில்லை. 1860-களில் பாலம் என்றால் தேனிரும்பு, அதாவது கார்பன் மிகக் குறைந்த, அடித்து உருவாக்கும் இரும்பு. எஃகு தண்டவாளத்துக்கும் கருவிகளுக்கும் ஆனது. ஒரு வார்ப்புக்கும் அடுத்த வார்ப்புக்கும் தரம் மாறும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. பிரிட்டனில் 1877 வரை பாலங்களுக்கு எஃகைப் பயன்படுத்த வர்த்தக வாரியம் அனுமதியே தரவில்லை. நசுக்கும் விசையைத் தாங்குவதில் எஃகு தேனிரும்பைவிட வெகு திறமை. வளைவுக்கு வேண்டியது அதுதான் என்று ஈட்ஸ் அதையே பிடித்துக்கொண்டார்.

ஒவ்வொரு கண்ணிலும் நான்கு வளைவு விலாக்கள். ஒவ்வொரு விலாவும் மேலும் கீழுமாக இரண்டு குழாய்கள்; இடையே 12 அடி, குறுக்குச் சட்டங்களால் பிணைப்பு. குழாயைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பீப்பாய் செய்கிற முறை தெரியும். ஆறு எஃகுப் பட்டைகள் பீப்பாய்ப் பலகைகள்போல வட்டமாக அடுக்கப்பட்டு, கால் அங்குல எஃகு உறைக்குள் இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கும். 18 அங்குல விட்டம், சுமார் 12 அடி நீளம். ஒரு குழாயை அடுத்த குழாயோடு சேர்ப்பது வரி வெட்டிய இணைப்பு வளையம். குழாய் நேரானதுதான்; இணைப்பில் சிறிது கோணம் கொடுத்துக் கொடுத்து வளைவை உண்டாக்கினார்கள். எந்தத் துண்டு பழுதானாலும் பாலத்தை நிறுத்தாமல் அதை மட்டும் கழற்றி மாற்ற வேண்டும் என்பது ஈட்ஸ் தனக்குத் தானே போட்டுக்கொண்ட நிபந்தனை. விஸ்கி பீப்பாயில் தொடங்கியவர் பீப்பாய் வடிவிலேயே பாலத்தை யோசித்தார் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் குழாய் வடிவத்துக்குக் காரணம் கணக்குதான். ஒரே அளவு உலோகத்தைக் குழாயாக்கினால், நசுக்கும்போது அது எளிதில் கோணிக்கொள்ளாது.

எஃகைத் தயாரித்தவர்கள்தான் திணறிப்போனார்கள். ஃபிளாட் வடிவமைத்த சோதனை இயந்திரத்தில் துண்டுகளை இழுத்தும் நசுக்கியும் பார்த்து, தேறாததை ஈட்ஸின் ஆட்கள் திருப்பி அனுப்பினார்கள். ஃபிலடெல்ஃபியாவில் வார்த்த நங்கூர போல்ட்டுகள் சோதனையில் முறிந்தன. கடைசியில் குழாய்ப் பட்டைகளுக்குக் குரோமியம் சேர்த்த எஃகு என்று ஏற்பாடானது. இணைப்பு வளையங்களை எஃகில் சரியாகச் செய்யவே முடியவில்லை. அவற்றுக்குத் தேனிரும்பையே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. குறுக்குச் சட்டங்களிலும் இரும்பு உண்டு. ஆகவே இதை முழு எஃகுப் பாலம் என்று சொல்வது சரியல்ல. பாரம் தாங்கும் முக்கிய உறுப்புகள் எஃகு. கீஸ்டோன் கம்பெனியில் பெரும் பங்கு வைத்திருந்த, லண்டனில் பாலத்தின் கடன் பத்திரங்களை விற்றுக்கொடுத்த ஆண்ட்ரூ கார்னகிக்கு இந்தக் கெடுபிடி எரிச்சலாக இருந்தது. பின்னாளில் தன் சுயசரிதையில் ஈட்ஸை மேதை என்று ஒப்புக்கொண்டு, அந்த மேதைமைக்கு வழிகாட்ட விஞ்ஞான அறிவு இல்லை என்று ஒரு குத்தும் வைத்தார். எஃகுச் சக்கரவர்த்தி என்று பிற்பாடு பெயர் வாங்கியவருக்கு எஃகில் தரக்கட்டுப்பாடு என்றால் என்ன என்று முதலில் காட்டியது இந்தப் பாலம்தான் என்பது என் எண்ணம்.

இப்போது மணலுக்கு வருவோம். செயின்ட் லூயிஸ் பக்கம் பாறை மேலாகவே இருக்கிறது. கிழக்கே போகப்போகச் சரிந்து ஆழமாகிறது. மேற்குக் கரை முட்டுக்குத் தண்ணீரை அணைகட்டித் தடுத்துத் தோண்டினார்கள். அங்கே கிடைத்தது மணல் மட்டுமல்ல. 1849-இல் படகுத்துறையில் பரவிய பெருந்தீயில் எரிந்து மூழ்கிய படகுகளின் சிதைவுகள், நங்கூரங்கள், சங்கிலிகள். அவற்றை வெட்டிக்கொண்டுதான் கீழே போக முடிந்தது. நடுத்தூண்களுக்கு அந்த முறை எடுபடாது. இந்த நேரத்தில் ஈட்ஸ் உடம்பு சரியில்லாமல் ஐரோப்பா போனார். பிரான்ஸில் விஷி என்ற ஊரில் ஓய்வெடுக்கும்போது, அங்கே ஆற்றில் காற்றழுத்தப் பெட்டி வைத்துத் தூண் இறக்குவதைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்குப் புரிந்திருக்கும்: தன் பழைய பீப்பாய்தான் அது, ஆனால் வீட்டைவிடப் பெரியது.

அடி இல்லாத இரும்புப் பெட்டி. 82 அடிக்கு 60 அடி. 1869 அக்டோபரில் அதை மிதக்கவிட்டு, தூண் வரவேண்டிய இடத்தில் நிறுத்தி, அதன் முதுகில் கல் கட்டத் தொடங்கினார்கள். கல்லின் எடையில் பெட்டி கீழே போகும். பெட்டிக்குள் காற்றை அழுத்தி ஏற்றியதால் தண்ணீர் உள்ளே வராது. அந்த அறையில் நின்று ஆட்கள் மணலைத் தோண்டுவார்கள். தோண்டத் தோண்டப் பெட்டி இறங்கும், இறங்க இறங்க மேலே கட்டுவார்கள். மேலே கொத்தனார், கீழே மண் வெட்டுகிறவர், இருவருக்கும் நடுவே வளர்ந்துகொண்டே போகும் தூண். மணலை வெளியேற்ற ஈட்ஸ் ஒரு பம்பு கண்டுபிடித்தார். அசையும் உறுப்பே இல்லாத பம்பு. வேகமாகப் பீச்சும் நீர் மணலையும் சரளையையும் உறிஞ்சி மேலே தள்ளிவிடும். சாதாரணக் காற்றிலிருந்து அழுத்தக் காற்றுக்கு ஆட்கள் மாறும் இடைவழி காற்றுப்பூட்டு அறை; அதை இறங்கும் குழியின் உச்சியில் வைப்பதுதான் வழக்கம். ஈட்ஸ் அதைக் கீழே வைத்தார். சுழல் படிக்கட்டு வழியாகச் சாதாரணக் காற்றிலேயே இறங்கி வந்து, கடைசி நிமிடத்தில் அழுத்தத்துக்குள் நுழையலாம்.

உள்ளே நடந்ததெல்லாம் விநோதம். காற்று அடர்த்தியாக இருந்ததால் மெழுகுவர்த்தி ஆவேசமாக எரிந்தது. அதிக ஆழத்தில் ஊதி அணைத்த மெழுகுவர்த்தி, திரியின் கனலிலிருந்து தானே மறுபடி பற்றிக்கொண்டது. அரை நிமிடத்தில் 13 முறை ஊதியும் 13 முறை எரிந்ததாக ஈட்ஸ் தன் அறிக்கையில் குறித்திருக்கிறார். குரல்கள் மாறி ஒலித்தன. ஊரின் பெரிய மனிதர்கள் சுற்றிப் பார்க்க வந்தார்கள்.

60 அடி தாண்டியதும் ஆட்களுக்குக் கால் மரத்துப்போகத் தொடங்கியது. வெளியே வந்த பிறகு மூட்டுகளில் குடையும் வலி, வயிற்று வலி; சிலர் நிமிர முடியாமல் முன்பக்கம் கூனி நடந்தார்கள். அப்போது பெண்களிடையே கூனலாக நிற்கும் ஒரு நாகரிக உடைப் பாணி இருந்தது. அதன் பெயரைச் சொல்லியே தொழிலாளர்கள் இந்த நோயைக் கேலி செய்தார்கள். 1870 பிப்ரவரி 28 அன்று கிழக்குத் தூணின் பெட்டி சுமார் 93 அடி ஆழத்தில் பாறையைத் தொட்டது. மேலே கொண்டாட்டம். ஆனால் வேலை முடியவில்லை. அந்த அறை முழுவதையும் கான்கிரீட்டால் நிரப்ப வேண்டும். அதாவது அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடத்தில், கிட்டத்தட்ட நான்கு மடங்கு காற்றில், இன்னும் பல வாரங்கள். சாவுகள் அப்போதுதான் வந்தன. மார்ச் 19 அன்று முதல் தொழிலாளி வெளியே வந்த சிறிது நேரத்திலேயே சரிந்து இறந்தார். அடுத்தடுத்து மற்றவர்கள்.

ஈட்ஸின் குடும்ப மருத்துவர் அல்ஃபோன்ஸ் ஜாமினே இதைத் தன் உடம்பிலேயே பார்த்தவர். பாறையைத் தொட்ட அன்று அவரும் உள்ளே போனார். இரண்டே முக்கால் மணி நேரம் கீழே இருந்தார். காற்றுப்பூட்டு அறையில் அழுத்தம் இறங்க எடுத்துக்கொண்ட நேரம் மூன்றரை நிமிடம். வீடு போய்ச் சேர்வதற்குள் வலி. பிறகு கை கால் அசைக்க முடியாத நிலை. பிழைத்தார். பிழைத்ததும் விதிகளை எழுதினார்: வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும், ஆளைச் சோதித்துத்தான் உள்ளே அனுப்ப வேண்டும், ஓய்வு வேண்டும். ஆற்றிலேயே மிதக்கும் மருத்துவமனை வைத்தார்கள். ஆட்கள் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் வெள்ளியும் துத்தநாகமும் கோத்த பட்டைகளைக் கட்டிக்கொண்டார்கள். அதனால் ஒன்றும் ஆகவில்லை. நோய்க்குக் காரணம் உடல் சோர்வு என்று ஜாமினே நம்பினார். உண்மைக் காரணம் அவருடைய அந்த மூன்றரை நிமிடத்தில்தான் இருந்தது. அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால் குமிழிகளாக வெளிவருகிறது. சோடா பாட்டிலைத் திறந்தால் நுரைப்பதுபோல. பிரெஞ்சு விஞ்ஞானி பால் பேர் அதை விளக்கியது 1878-இல். பாலம் அதற்கு நான்கு வருடம் முன்பே திறந்தாகிவிட்டது.

கிழக்குக் கரை முட்டு இன்னும் ஆழம்: வெள்ள மட்டத்திலிருந்து 136 அடி. அதற்குள் வேலை நேரம் நன்றாகக் குறைக்கப்பட்டிருந்தது, ஏறி இறங்க மின்தூக்கி இல்லாத அந்தக் காலத்தில் நீராவியால் இயங்கும் தூக்கி வைத்திருந்தார்கள்; பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. 1871 மார்ச் 8 அன்று சூறாவளி ஒன்று அந்தக் கரையைத் தாக்கி மேலே இருந்த கட்டுமானத்தைச் சூறையாடியது. கீழே இருந்த பெட்டி தப்பியது.

தூண்கள் எழுந்த பிறகு அடுத்த சிக்கல். வளைவு முழுமையாகச் சேரும்வரை அது வளைவே அல்ல. தன் எடையைத் தானே தாங்காது. வழக்கமாக அடியில் மரச்சாரம் கட்டி அதன்மேல் அடுக்குவார்கள். இங்கே படகுப் போக்குவரத்தை மறிக்கக் கூடாது; மறித்தாலும் அந்த இழுப்பில் சாரம் நிற்காது. ஃபிளாட் சொன்ன வழி: தூண்களின் மேல் மரக்கோபுரம் எழுப்பி, அதன் வழியே கம்பிவடங்களைப் போட்டு, இரு பக்கமும் வளரும் அரை வளைவுகளைத் தூக்கிப் பிடிப்பது. தராசுத் தட்டுகள்போல ஒரு பக்கம் ஒரு குழாய், மறுபக்கம் ஒரு குழாய். ஆற்றின் மேல் அந்தரத்தில் இரண்டு கைகள் ஒன்றையொன்று நோக்கி நீண்டன.

1873 செப்டம்பர். முதல் வளைவு சேர வேண்டும். லண்டன் வங்கியாளர் ஜூனியஸ் மார்கன் வழியாக வர வேண்டிய ஐந்து லட்சம் டாலர் கடனுக்கு ஒரு கெடு: 19-ஆம் தேதிக்குள் வளைவு மூட வேண்டும். ஈட்ஸ் உடல்நலமின்றி லண்டனில் இருந்தார். பாலத்தடியில் ஃபிளாட். வெயில் கொளுத்தியதால் எஃகு நீண்டுவிட்டது. கடைசிக் குழாய்க்கான இடைவெளி போதவில்லை. 520 அடி எஃகு 40 டிகிரி செல்சியஸ் வித்தியாசத்தில் மூன்று அங்குலம் நீளும் என்று கணக்குப் போட்டால் இது புரியும். விலாக்களைச் சுற்றி மரத்தொட்டி அமைத்து, சாக்குச் சுற்றி, டன் கணக்கில் பனிக்கட்டியை அடைத்தார்கள். இரவும் பகலும் கொட்டினார்கள். சுருங்கியது, ஆனால் போதுமான அளவுக்குச் சுருங்கவில்லை. வெயிலுக்குப் பனிக்கட்டி ஈடுகொடுக்க முடியவில்லை.

ஈட்ஸ் இதை எதிர்பார்த்து ஏற்கெனவே ஒரு மாற்று வைத்திருந்தார். கடைசிக் குழாயை இரண்டாக வெட்டி, நடுவில் மரை வெட்டிய தேனிரும்புத் தண்டைப் பொருத்தியிருந்தார்கள். குட்டையாக்கி இடைவெளியில் வைத்து, திருகித் திருகி நீளமாக்கி இறுக்கலாம். செப்டம்பர் 17 இரவு வளைவு சேர்ந்தது. லண்டனுக்குத் தந்தி போனது. மறுநாள் ஜே குக் வங்கி திவாலாகி, 1873-ஆம் வருடத்துப் பெரும் நிதி நெருக்கடி வெடித்தது. ஒரு நாள் தள்ளிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

வெப்பம் அதோடு விடவில்லை. ஈட்ஸின் வளைவுகளுக்குக் காலில் கீல் கிடையாது. இரு முனையும் கல்லில் இறுகப் பிணைந்தவை. கீல் இருந்தால் வெயிலுக்கு வளைவின் உச்சி கொஞ்சம் ஏறி இறங்கும், அவ்வளவுதான். பிணைத்துவிட்டால் விறைப்பு கூடும், அதற்குப் பதிலாக வெப்ப மாற்றம் முழுவதும் உலோகத்துக்குள் அழுத்தமாகப் போய்ச் சேரும். 1874 ஜனவரிக் குளிரில் ஏற்கெனவே மூடிய வளைவில் இரண்டு குழாய்கள் வெடித்திருந்தன. செய்தி கிடைத்த ஈட்ஸ் காரணத்தை ஊகித்தார்: வளைவு குளிரில் சுருங்கி இறங்கப் பார்க்கிறது, மேலே பிடித்திருக்கும் கம்பிவடங்கள் அதை இறங்க விடவில்லை. வடங்களைத் தளர்த்தச் சொன்னார். சரியாகிவிட்டது. அறுபது வருடம் கழித்து 1932-இல் திறந்த சிட்னி துறைமுகப் பாலமும் இதே முறையில் கம்பிவடங்களால் அரை வளைவுகளைப் பிடித்துத்தான் எழுந்தது. ஆனால் அவர்கள் காலில் கீல் வைத்துக்கொண்டார்கள். வடத்தைத் தளர்த்தத் தளர்த்த இரு பாதிகளும் தாமே சாய்ந்து வந்து நடுவில் சேர்ந்தன.

பாலம் ஏறத்தாழ முடிந்த நேரத்தில் படகுத் தரப்பு கடைசி முயற்சி செய்தது. புகைபோக்கி உயரமான படகுகள் இதன் கீழே போக முடியாது என்று மனுக்கொடுத்தார்கள். ராணுவப் பொறியாளர்கள் குழு வந்து பார்த்து, பாலத்தைச் சுற்றிக் கரையில் கால்வாய் வெட்ட வேண்டும் என்று சொன்னது. கட்டி முடிந்த பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கால்வாய், அதன்மேல் இன்னொரு பாலம்! ஈட்ஸ் நேராக ஜனாதிபதி கிராண்டிடம் போனார். கிராண்ட் போர் அமைச்சரை அழைத்துப் பேசினார், விஷயம் அமுங்கியது. புகைபோக்கிகளைக் குட்டையாக்கிக்கொண்டால் போதும் என்று படகுக்காரர்களும் கண்டுகொண்டார்கள்.

இனி யானை. உறுதியில்லாத எதன்மேலும் யானை கால் வைக்காது என்ற நம்பிக்கை ஊரில் இருந்தது. 1874 ஜூன் 14 அன்று ஒன்றைக் கொண்டுவந்து நடத்தினார்கள். தயங்காமல் நடந்து அக்கரை சேர்ந்தது. பொறியியலுக்கு அதில் வேலையில்லை. ஜூலை 2 அன்று நடந்ததுதான் சோதனை: 14 ரயில் இன்ஜின்கள், ஒவ்வொரு பாதையிலும் ஏழு, வளைவுக்கு வளைவு நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு பக்கத்துப் பாதையில் மட்டும் நிறுத்தி, ஒரு கண்ணில் மட்டும் நிறுத்தி, சமன் கெடும் விதங்களில் எல்லாம் சோதித்தார்கள். ஜூலை 4 சுதந்திர தினத்தன்று மைல் கணக்கில் ஊர்வலத்தோடு திறப்பு விழா.

பாலம் நின்றது, கம்பெனி நிற்கவில்லை. நிதி நெருக்கடி ஒரு பக்கம், பாலத்தைப் பயன்படுத்த ரயில் கம்பெனிகள் காட்டிய தயக்கம் இன்னொரு பக்கம். ஒரு வருடத்துக்குள் திவால். 1878-இல் 20 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. கட்டச் செலவானதில் ஒரு சிறு பகுதிதான் அது. பிறகு ஜே கூல்ட் என்ற ரயில் முதலாளியின் கைக்கு வந்து, 1889-இல் டெர்மினல் ரயில்ரோடு அசோசியேஷன் என்ற கூட்டமைப்புக்குள் சேர்ந்தது. பரிசல் கம்பெனியின் ஏகபோகத்தை உடைக்க வந்த பாலம் தானே ஏகபோகமானது. 1912-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூட்டமைப்பைக் கலைக்காமல், எல்லா ரயில் கம்பெனிகளுக்கும் சம நிபந்தனையில் வழிவிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மாற்று வழி இல்லாத வசதியை வைத்திருப்பவர் போட்டியாளருக்கும் அதைத் திறந்துவிட வேண்டும் என்ற சட்டக் கருத்தின் வேர் அந்த வழக்குதான். இன்று இணைய நிறுவனங்கள் மீதான வாதங்களிலும் அது எட்டிப்பார்க்கிறது.

பாலத்தை அப்படியே நகலெடுத்தவர்கள் யாரும் இல்லை. முக்கோணச் சட்டங்களைக் கோத்துக் கட்டும் சட்டகப் பாலங்கள் விலை குறைவு, வேகமாகக் கட்டலாம். ஈட்ஸின் பாலமோ மாறும் பாரத்துக்கு ஈடுகொடுத்துக்கொண்டே இருந்தது. 1949-இல் கருவிகள் வைத்து அளந்தபோது, அடிக்கு 3,000 பவுண்டு என்று அவர் வைத்த பாரத்தை 5,000 ஆக உயர்த்தலாம் என்று தெரிந்தது. 1970-களில் ரயில்கள் நின்றன. 1989-இல் நகராட்சி தன்னிடமிருந்த வேறொரு பாலத்தைக் கொடுத்து இதை வாங்கிக்கொண்டது. ஈட்ஸ் ரயிலுக்கென்று அமைத்த அதே கீழ்த்தளத்தில் 1993 ஜூலை 31 அன்று நகர மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது.

அப்போது மிசிசிப்பியில் வெள்ளம். மறுநாள், ஆகஸ்ட் 1 அன்று, செயின்ட் லூயிஸ் அளவுகோலில் ஆறு 49.58 அடியைத் தொட்டது. அந்த நகரம் அதுவரை பதிவு செய்ததில் அதுதான் உச்சம். தண்ணீருக்கு அடியில் மணல் எவ்வளவு ஆழத்துக்கு வாரிக்கொண்டு போயிருக்கும் என்பது மேலே ரயிலில் போனவர்களுக்குத் தெரியாது. தூண்கள் பாறைமேல் நின்றன.